தயார் நிலையில் உள்ள மரம் அறுக்கும் மெஷின் ஸ்டார்ட் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்தால் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். இத்தனை ஆயிரம் மணல் மூட்டை, இத்தனை சவுக்குக் கம்பு, இத்தனை ஜெனரேட்டர், இத்தனை மரம் அறுக்கும் இயந்திரம் தயார் நிலையில் உள்ளன என்று. மணல் மூட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் மணல் மூட்டைதான். பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு, அதாவது ‘செயின் சா’வுக்கு, அது பொருந்தாது. போன மழைக்கு ஊற்றியதில் மிச்சம் டேங்கிலேயே நிற்க, ஸ்டோர் ரூம் மூலையில் போட்ட மெஷின் கணக்கில் ஒன்றாக ஏறிவிடும். மரம் விழுந்த ராத்திரியில் ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுப்பவனுக்குத்தான் கை கழன்று போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு டெல்டாவில் ரோட்டை மறித்துக் கிடந்த தென்னையையும் வேம்பையும் அப்புறப்படுத்தியவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஊராட்சிகளிலும் தோட்டங்களிலும் மெஷின் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பு பார்க்க வேண்டியவற்றை விவரமாக எழுதுகிறோம். இடம் கொடுத்து வெளியிடுங்கள்.

முதலில் பெட்ரோல். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஆயில் தேங்கி நிற்கும் தனித் தொட்டி (ஆயில் சம்ப்) கிடையாது. பெட்ரோலில் கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. கம்பெனி சொல்லும் தரமான 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் பொதுவாக 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. சந்தையில் அதிகம் விற்கும் 52, 58 சிசி மெஷின்களுக்கு 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி என்று எழுதியிருப்பார்கள். மெஷினோடு வந்த கையேட்டில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு. மூடியால் உத்தேசமாக ஊற்றக் கூடாது. பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயில் ஆகாது. படகு அவுட்போர்டு இன்ஜினுக்கான ஆயிலும் ஆகாது; அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்குச் செய்தது, காற்றால் குளிரும் இந்த இன்ஜினின் சூட்டைத் தாங்காது. கடலோர ஊர்களில் கைக்குக் கிடைப்பது அதுதான் என்பதால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். 2டி ஆயிலில் சாயம் இருப்பதால் கலந்த பெட்ரோலுக்கு நிறம் மாறும். நிறம் மாறாத பெட்ரோல் தண்ணீர் பாட்டிலில் வந்தால் டேங்கில் ஊற்றாதீர்கள். வெறும் பெட்ரோலில் முழு வேகத்தில் ஓடினால் சில நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல செயின் சா கையேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றே இருக்கிறது. வேறு பெட்ரோல் எளிதில் கிடைக்காது என்பதால், டேங்கில் நிற்கும் நாளைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். டேங்குக்குள் உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். இன்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவை. ரப்பர் குழாயும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிராமும் விறைத்துப்போவது தனிக் கதை. அதனால் ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள். கேன் மேல் கலந்த தேதியை எழுதிவையுங்கள்.

ஒரு வருஷம் கிடந்த மெஷினை எடுத்தவுடன் கயிற்றை இழுக்கவே கூடாது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெயின்ட் போல நெடி அடித்தால் முழுவதையும் வெளியே எடுங்கள். முனை வளைத்த கம்பியால் டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டரை இழுத்து, கறுத்திருந்தால் மாற்றுங்கள். குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கழற்றும்போது சோக்கை மூடிவைத்தால் தூசி கார்புரேட்டருக்குள் விழாது. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. கயிறு இழுக்கும் மூடியைக் கழற்றி, காற்று நுழையும் துளைகளிலும் சிலிண்டர் இறகுகளிலும் அடைந்த தூளைத் தட்டிவிடுங்கள். அந்த மூடிக்குள் சுருள் ஸ்பிரிங் முறுக்கேறி உட்கார்ந்திருக்கும்; கயிறு மாற்ற நினைப்பவர்கள் முதலில் முறுக்கை இறக்க வேண்டும். கண்ணாடி போடாமல் அதில் கைவைப்பது கண்ணைப் பணயம் வைப்பது.

கோளாறைக் கண்டுபிடிக்க மெஷினே குறிப்பு கொடுக்கும். ஐடிலில் நின்று, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறதென்றால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு அல்லது விறைத்த டயாபிராம். பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. சோக் போட்டால் மட்டும் ஓடுவதும், காரணமில்லாமல் ஐடில் வேகம் ஏறி ஏறி இறங்குவதும் எங்கோ வெளிக்காற்று புகுவதற்கான அடையாளம். கிராங்க் ஆயில் சீலோ கார்புரேட்டர் கேஸ்கெட்டோ போயிருக்கும். அப்படி ஓட்டினால் கலவை மெலிந்து, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் போகும். இந்த இடத்தில் பலர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை வைக்கும் கார்புரேட்டரின் ‘எச்’ ஸ்க்ரூவை வலப்பக்கம் முடுக்கி ‘ஸ்பீடு ஏற்றுவார்கள்’. சத்தம் கூர்மையாகும், ஆள் சந்தோஷப்படுவான். ஒரு கட்டை அறுத்து முடிப்பதற்குள் சிலிண்டரில் கீறல் விழும்.

அடுத்து செயின். இன்ஜினுக்கு ஆயிரம் பார்ப்பவர்கள் செயினை மழுங்கலோடு ஓட்டுவதுதான் எங்களுக்கு இன்றுவரை புரியாதது. கூரான செயின் சிறு சிறு செதிளாகத் தள்ளும். மாவு போலத் தூள் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கினால் ஆள் அழுத்துவார், அழுத்தினால் செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான ‘பார்’ சூடேறும், கிளட்ச் கருகும், கடைசியில் மெஷின் நழுவும். விழுந்த தென்னையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தென்னந்தண்டின் வெளிப்பக்கம் இரும்பு. தரையில் கிடப்பதால் பட்டையில் மண் ஒட்டியிருக்கும். முனை ஒருமுறை மண்ணைத் தொட்டாலே போதும், பல் போய்விடும். அறுக்கும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு, அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிவைத்து அறுப்பதே முறை. செயினை ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத் தென்னை நார் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பக்க மூடியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும்.

அரம் அளவு தப்பினால் பல் கெடும். 0.325 இஞ்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், சிறிய மெஷின்களின் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மி.மீ. எந்தச் செயின் என்பது பாரில் இன்ஜினை ஒட்டிய முனையில் அச்சிட்டிருக்கும். இன்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கையுறையோடு வேலை செய்யுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் தலையில் இருக்கும் 30 டிகிரிக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று அல்லது நான்கு தள்ளு. ஒரு பக்கத்துப் பல் நீளமாக விட்டால் வெட்டு கோணலாகி, பார் மரத்துக்குள் மாட்டும். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு முளை நிற்கும். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், ஏடிஎம் கார்டின் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. பல் தேயத் தேய முளையையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். ‘நன்றாகக் கடிக்கட்டும்’ என்று அளவுக்கு மேல் இறக்கினால் பல் ஆழமாகக் கொக்கி போட்டு, பாரை ஆளின் முகத்துக்கே திருப்பி அடிக்கும். வெட்டுப் பல்லின் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் செயினின் ஆயுசு முடிந்தது.

செயின் இறுக்கத்தை, செயின் ஆறியிருக்கும்போது பார்க்கவும். இரண்டு நட்டையும் தளர்த்தி, பார் முனையை மேலே தூக்கிப் பிடித்தபடி அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். செயின் பாரின் அடியில் ஒட்டி நிற்க வேண்டும், பிரேக்கை எடுத்தால் கையால் தடையின்றி நகர வேண்டும். புதுச் செயின் முதல் அரை மணியிலேயே தளரும். பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தி இறுக்குங்கள். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும். பள்ளத்தில் அடைந்த தூளைப் பழைய ஹேக்ஸா பிளேடால் சுரண்டி, ஆயில் வரும் சின்னத் துளையைத் திறந்துவிடுங்கள்.

செயின் ஆயில் டேங்கில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதில் இரும்புப் பொடி இருக்கிறது, அது பம்பைத் தின்னும். ஒட்டும் தன்மை இல்லாததால் முனை வளைவிலேயே தெறித்துப்போய் அறுப்பவரின் தோலிலும் மூச்சிலும் சேரும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, முனையைத் தரையில் விரித்த அட்டைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, முக்கால் ஆக்சிலேட்டரில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும்.

பாதுகாப்பு உறுப்புகளில் இரண்டைச் சோதிக்காமல் யாரும் மரத்தருகே போகக் கூடாது. ஒன்று செயின் பிரேக். இரண்டு கையாலும் பிடித்து, ஓடும்போது இடது கை மணிக்கட்டால் முன் கேடயத்தைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். பிரேக் பட்டையில் ஆயிலும் தூளும் கெட்டியானால் வழுக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பார் முனையின் மேல் கால்பகுதி மரத்தில் இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும்; அப்போது செயினைக் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்த இது ஒன்றுதான் உண்டு. இன்னொன்று, ஐடிலில் செயின் நகர்கிறதா என்பது. நகர்ந்தால் ‘டி’ அல்லது ‘எல்ஏ’ என்று போட்ட ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்புங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ உடைந்தோ இருக்கும்; மாற்றும்வரை மெஷினைத் தொடாதீர்கள். கிளட்ச் மரை தலைகீழ் மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் அடித்து கிராங்க்கைக் கெடுத்தவர்கள் உண்டு.

ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்து, பிரேக் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது கால் முனையை ஊன்றி. தொங்கவிட்டபடி இழுப்பது பார்க்கக் கெத்தாக இருக்கலாம். தொடைக்குப் பக்கத்தில் ஓடும் செயின் கெத்து பார்க்காது. கைலியோடு இந்த மெஷினைப் பிடிக்கக் கூடாது, தொங்கும் துணியைச் செயின் இழுத்துக்கொள்ளும். ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, ஷூ இல்லாமல் ஊழியரை மரத்தடிக்கு அனுப்புவது ஊராட்சியின் குற்றம். பெட்ரோல் ஊற்ற இன்ஜினை ஆறவிட்டு, ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். கம்பி மேல் விழுந்த மரமென்றால் மின்வாரியம் லைனை நிறுத்தியதை உறுதிசெய்யும்வரை மெஷினை வண்டியிலிருந்தே இறக்க வேண்டாம்.

தயார் நிலைப் பட்டியலில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: கடைசியாக ஒரு கட்டையை அறுத்துப் பார்த்த தேதி, கையிருப்பில் உள்ள தீட்டிய செயின் எத்தனை, கையில் இருக்கும் பெட்ரோல் கலந்த தேதி. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஏதாவது ஒரு மெஷினைக் காட்டி, ‘இதை ஸ்டார்ட் பண்ணுங்கள்’ என்றால் இரண்டு நிமிட வேலை. ஜனவரியில் மழை ஓய்ந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டர் காய்ந்த பிறகு, செயினுக்கு ஆயில் தடவி உறை மாட்டி வைக்கச் சொல்லி அதே பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
சிறு இன்ஜின் மெக்கானிக்குகள் சிலர்,
பட்டுக்கோட்டை