கைக்குட்டை யோசனைக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவர் பதில் பகுதியில், பார்க்கின்சன் நோயுள்ள அப்பாவுக்கு வாயில் எச்சில் வடிகிறதே, என்ன செய்வது என்று ஒரு மகள் கேட்டிருந்தார். "இது சிறு தொந்தரவுதான். கைக்குட்டை வைத்துக்கொண்டால் போதும்" என்று பதில். அருமையான யோசனை. ஒன்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது அவருக்காக ஒரு நாளைக்கு ஏழு துண்டு துவைக்கிறேன். தலையணை உறை தனிக் கணக்கு. கொடியில் போட்டால் கன்டெய்னர் லாரித் தூசி படியும், மறுபடி அலச வேண்டும். ஒருநாள் மிண்ட் போகிற பஸ்ஸில், தள்ளாடி ஏறியவரைப் பார்த்து, "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டியா பெர்சு?" என்றார் கண்டக்டர். காசிமேட்டில் பிறந்தும் வாழ்நாளில் குடியைத் தொடாத மனிதர். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிட்டது.

இந்த நோயில் எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை, விழுங்குவதுதான் குறைகிறது. தேங்கும் எச்சில் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நிமோனியாகூட வரலாம். உங்களுக்குத் தெரியாததா? பிறகு எப்படி 'சிறு தொந்தரவு' ஆயிற்று?

அதே பதிலில் இன்னொரு வரி: "ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குப் போடுவது அறியாமை." எங்கள் நரம்பியல் டாக்டர் எழுதிக்கொடுத்தது அட்ரோபின் சொட்டு மருந்து. கண் பாப்பாவை விரிக்கப் போடுவார்களே, அதுதான். அதை நாக்குக்கு அடியில் விடச் சொன்னார். மெடிக்கல் ஷாப் பையன் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "யம்மா, இது கண்ணுக்கும்மா" என்றான். தெரியும்ப்பா, கொடு என்று வாங்கி வந்தேன். நான்காம் நாள் சட்டைக் காலர் காய்ந்திருந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு.

ஒளிக்காமல் சொல்கிறேன், மூன்றாவது வாரம் ராத்திரியில் எழுந்து, சுவரெல்லாம் எறும்பு என்றார். செத்துப்போன அண்ணனுக்குச் சோறு போடச் சொன்னார். வயதானவர்களுக்கு இது வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால், காலையில் போன் செய்து கேட்டு நிறுத்தினோம். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

அறியாமைக்கு நான் ஒன்று சொல்கிறேன். முன்பு ஒருமுறை வாந்தி என்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். பார்க்கின்சன் என்று சொல்லியும் மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். வாந்திக்கென்றே வந்த மருந்துதான், லேபிளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது மூளையில் டோபமைனை, அதாவது கைகால் அசைவுக்கு வேண்டிய ரசாயனத்தைத் தடுக்கிற மருந்து. இவருக்குக் குறைவதே அந்த டோபமைன்தான். மூன்று நாள் கட்டை மாதிரிக் கிடந்தார். இன்று பார்க்கின்சனுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கிற அமான்டடின்கூட ஃப்ளூவுக்கு வந்த மருந்து. ஃப்ளூவுக்காக அதைச் சாப்பிட்டபோது நடுக்கம் குறைந்ததாக ஒரு நோயாளிப் பெண் டாக்டரிடம் சொல்ல, அதன் பிறகுதான் 1969இல் மருத்துவ இதழில் வந்தது. நல்லவேளை, அந்த அம்மாவிடம் யாரும் கைக்குட்டையை நீட்டவில்லை.

ஊசியைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன், போடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூரில் எண்ணெய் கலந்தபோது எழுதினேன், அதுவும் இல்லை. ஆனால் வடசென்னை ரவுடிகள் என்றால் மட்டும் நான்கு பக்கம், கலர் படத்தோடு. சரி, போகட்டும்.

கேட்பது ஒன்றுதான். மருத்துவப் பகுதியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அவர் இன்னமும் பூதக்கண்ணாடி வைத்துத் தானேதான் படிக்கிறார். இந்த நோயில் அவருடைய கையெழுத்துதான் எறும்பு மாதிரி சிறுத்துப்போயிற்று, உங்கள் எழுத்துக்கு என்ன வந்தது?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.