கண் முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள திருகோணமலை உறவுகளுக்கு,

எங்கள் கழகம் நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமும், அதையொட்டி நடந்த கண்புரைச் சத்திரசிகிச்சைகளும் நல்லபடியாக முடிந்துவிட்டன. மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி நன்றி சொல்வதுதான் வழமை. அந்தக் காசைக் கண் மருந்துக்கு வைப்போம் என்று இந்த முறை கூட்டத்தில் முடிவானது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள், ஆகவே யாருடைய பெயரும் இதில் இல்லை. யாரைச் சொல்கிறோம் என்பது அவரவருக்கு விளங்கும்.

முதல் நன்றி வான்காரர்களுக்கு. வெருகல், ஈச்சிலம்பற்று, சம்பூர்ப் பக்கமிருந்து வயதானவர்களை இருட்டோடு ஏற்றிவந்து, மாலையில் வீட்டுப் படலையில் இறக்கிவிட்டார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்காக, கரையில் காத்து நிற்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இப்போது பாலம் இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. ஆனால் கண் மங்கியவருக்கு பஸ் படியில் கால் வைப்பதே பயம். கூட்டிப்போக ஆளில்லாமல்தான் பலர் வருடக்கணக்கில் வீட்டோடு கிடந்திருக்கிறார்கள். வான்காரர்கள் டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார்கள். ஒருவர் அதையும் வாங்கவில்லை.

கிராம சேவையாளர்கள் வீடு வீடாகச் சொல்லியிராவிட்டால் கூட்டம் வந்திராது. மண்டபம் தந்த பாடசாலைக்கும், கதிரை, பந்தல் தந்தவர்களுக்கும் நன்றி. பத்து மணிக்கு கரண்ட் போனபோது கேட்காமலே ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கிய ஒலிபெருக்கிக் கடைத் தம்பிக்கும் நன்றி. பார்வை அளக்கும் மெஷின் கரண்ட் இல்லாமல் வேலை செய்யாது, கை டோர்ச்சை வைத்துக்கொண்டு டொக்டர்மார் எவ்வளவு நேரம் சமாளிப்பார்கள்?

சமையல் பொறுப்பெடுத்த அக்காமார் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, அப்பளம் என்று மரக்கறியாகவே முடித்தார்கள். சனி விரதக்காரரும் கிண்ணியாவிலிருந்து வந்த உம்மாமாரும் சேருவிலப் பக்கத்து ஆச்சிமாரும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டார்கள். அதைப் பற்றி யாரும் பேச்சு வைக்கவில்லை, பசிதான் பேசியது. சிங்களத்தில் கதைத்து உதவிய இரண்டு மாணவிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆச்சிமாருக்கு எந்தக் கண் என்ன செய்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திராது.

வந்தவர்கள் எல்லாருக்கும் கண்புரை இல்லை. கடலில் நிற்பவர்கள் சிலருக்கு வெயிலும் காற்றும் பட்டுக் கண்ணில் சதை வளர்ந்திருந்தது. வேறு சிலருக்கு வேண்டியிருந்தது கிட்டப் பார்க்கும் கண்ணாடி மட்டும்தான். திருக்கடலூரிலிருந்து வந்த ஒரு ஐயாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கண்ணாடி கொடுத்த தம்பி அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா என்ன வேலை?" என்று கேட்டார். சேட்டுப் பையிலிருந்து வலை பின்னும் ஊசியும் நூலும் வெளியே வந்தன. ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு அவர் கண்ணி முடிந்து பார்த்தார். நாலாவதில் நிமிர்ந்து, "இது சரி" என்றார். கண்ணாடி அளப்பதற்கு அதைவிட நல்ல அட்டை எங்களிடம் இல்லை.

அந்தக் கண்ணாடிகளுக்கான காசு தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்கென்று வைத்திருந்த பணம். கனடாவிலிருந்து ஒரு மகள் அனுப்பியிருந்தார். பூசையைச் சிறிதாகச் செய்துவிட்டு மிச்சத்தை அனுப்புகிறேன் என்று இரண்டு வரிதான் எழுதியிருந்தார். அம்மா, உங்களுக்கு எங்கள் எல்லாருடைய நன்றியும்.

ஏன் எல்லாக் கழகங்களும் கண்ணையே பிடித்துக்கொள்கின்றன என்று ஒருவர் சற்றுக் குத்தலாகக் கேட்டார். 1925இல், கண்ணும் காதும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர், லயன்ஸ் என்ற சேவைக் கழகங்களின் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அதிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்லலாம். எங்கள் காரணம் இன்னும் நேரானது. உலகில் கண் தெரியாமலே போவதற்கு முதற் காரணம் கண்புரைதான். அதே கண்புரையை, இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அரை மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டு வில்லை வைக்க முடிகிறது. முடிகிற வேலையை விட்டுவைப்பானேன்?

சத்திரசிகிச்சை செய்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நன்றி. தங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம் என்பது அவர்கள் கட்டளை. சீனி கூடியிருந்தவர்களைக் குறைத்துக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பியபோது சில குடும்பங்கள் எங்களோடு கோபப்பட்டன. அவர்களே பிறகு கிளினிக் கொப்பியோடு வந்து நின்றார்கள்.

என்னைக் கேட்டால், முகாம் நாள் சின்ன வேலை. பெரிய வேலை அப்புறம்தான். சில வாரங்களுக்குத் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது. தனியாக இருக்கும் எழுபது வயது மனுசிக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தால் போதுமா? இரண்டு போத்தலில் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி, தாளில் சூரியனும் விளக்கும் கீறி, எது எப்போது என்று விளங்கப்படுத்தியவர்கள் உயர்தர மாணவர்கள். பள்ளிக்கூடம் போகுமுன் பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு மருந்து விட்டுவிட்டுப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முழுகாமல் கோயிலுக்கு எப்படிப் போவது என்று அடம்பிடித்த அம்மாவை, ஐயரே வீட்டுக்கு வந்து சமாதானப்படுத்தினார். சுஜூது செய்யாமல், அதாவது நெற்றியைத் தரையில் வைக்காமல், தொழலாமா என்று கலங்கிய வாப்பாவுக்கு, கதிரையில் இருந்து தொழலாம் என்று மௌலவி பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஐயரும் மௌலவியும் சொன்னதை அந்த அம்மாவும் வாப்பாவும் கேட்டார்கள். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா தெரியாது.

இன்னும் ஒரு சில விஷயம். கண்ணாடிக்கு அளவு கொடுத்தவர்களில் சிலர் இன்னும் வந்து எடுக்கவில்லை. சீட்டு தொலைந்தாலும் பரவாயில்லை, பெயரைச் சொன்னால் போதும். ஒரு கண் செய்தவர்கள் மற்றக் கண்ணுக்கு கிளினிக்கில் கொடுத்த திகதியைத் தவறவிட வேண்டாம். அந்த நாட்களில் மூதூர்ப் பக்கமிருந்து வர இன்னொரு வான் தேவைப்படுகிறது. தரக்கூடியவர்கள் உங்கள் கிராம சேவையாளரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் எங்களுக்கு அறிவிப்பார்கள்.

நன்றியுடன்,
செயலாளர்
கழக உறுப்பினர்கள் சார்பில், திருகோணமலை