தனி ஆவர்த்தனத்தை வெட்டாதீர்கள்

பழைய கச்சேரிப் பதிவுகளைக் கைமாற்றிக்கொள்ளும் ரசிகர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோடி ராகப் பதிவு வந்தது. 'ஜி.என்.பி., 1968' என்று தலைப்பு. பாடகர் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) 1965லேயே காலமாகிவிட்டார். அதைச் சொன்னேன். 'பாட்டை ரசிங்க சார், வருஷம் எதுக்கு?' என்று ஒரு பதில். அதற்குப் பதினெட்டுக் கட்டைவிரல்கள். சரி என்று பாட்டை ரசித்தேன். அப்புறம் வயலின் யார், மிருதங்கம் யார் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேஸட் காலத்தில் பதிவு வேண்டுமென்றால் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும், காலிக் கேஸட்டையும் நாமே வாங்கிப் போக வேண்டும். காபி வரும். 'வேறு யாருக்கும் குடுத்துடாதே' என்ற எச்சரிக்கையும் வரும். (நான் கொடுத்தேன். எல்லோரும்தான் கொடுத்தார்கள்.) ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் பொடி எழுத்தில் சபா, தேதி, பக்கவாத்தியம் எல்லாம் இருக்கும். தொண்ணூறு நிமிடக் கேஸட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். பல்லவி நடுவில் நாடா தீர்ந்துவிடும். திருப்பிப் போடுவதற்குள் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, போயிருக்கும். அதையும் 'இங்கே கொஞ்சம் விட்டுப்போனது' என்று எழுதி வைத்தவர்கள் உண்டு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. யாருக்கும் தராமல் பூட்டி வைத்துப் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போன நாடாக்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று எந்த ஊரில் இருப்பவருக்கும் ஒரு நொடியில் பாடகர் அரியக்குடி கிடைக்கிறார் என்றால் அது உங்கள் புண்ணியம்.

என் கோபமெல்லாம் ஒன்றில்தான். ஃபைல் பெரிதாக இருக்கிறதென்று, பாட்டு நின்று மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தை வெட்டுகிறீர்கள். ஸ்வரம் முடிந்து பாடகர் மிருதங்கத்துக்கு விடுகிற இடத்தில் கத்தரி. திரும்பப் பாட்டை எடுக்கிற இடத்தில் ஒட்டு. முடிவை அறிவிக்கிற மோராவும் இல்லை, முடித்து வைக்கிற கோர்வையும் இல்லை. கோர்வை மூன்று முறை சுழன்று வந்து, பாட்டு வரி தொடங்குகிற தாள இடமான எடுப்பில் விழும்போதுதானே பாடகர் அந்த வரியைப் பிடிப்பதற்கு ஒரு சுகம்? தனி தொடங்கியதும் சபா கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். அவர்கள் போண்டா தின்றுகொண்டிருந்தாலும் உள்ளே வாசிப்பு நடக்கும். நீங்கள் வெட்டியது அடுத்தவருக்கும் இல்லை, அவருக்கு அடுத்தவருக்கும் இல்லை.

பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962ல் போய்விட்டார். இன்று மிருதங்கம் கற்கிற ஒரு பையன் அவரிடம் போய் உட்கார முடியாது. இந்தப் பதிவுகள்தான் அவனுக்கு வாத்தியார். பாலக்காடு மணி ஐயருக்கு 1966ல்தான் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. மேடையில் அந்த இடத்தைப் பிடிக்க அத்தனை காலம் ஆயிற்று. நாம் ஃபைல் பெயரில்கூட இடம் கொடுக்க மாட்டேன் என்கிறோம். 1994ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி நிகழ்த்துகிறவருக்கென்று ஓர் உரிமையைச் சேர்த்தார்களே, அது பாடகருக்கு மட்டுமானது அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் சில சில்லறைப் புகார்கள். நாடா ஓட்டத்தின் வேகத்தைச் சரிபாருங்கள்; ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் ஓடுகிறார். ஆலாபனை நடுவே உங்கள் பெயரை நீங்களே அறிவிக்காதீர்கள். மூன்று மணி நேரக் கச்சேரியை நாடாவிலிருந்து மாற்ற மூன்று மணி நேரம் ஒருவர் உட்கார வேண்டும். 'சவுண்ட் சரியில்லை' என்று சொல்வதற்கு முன்னால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு காம்போதி அனுப்புகிறேன். தனி முழுதாக இருக்கிறது. அட்டையைக் கரையான் தின்றதால் மிருதங்கம் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஃபைல் பெயரில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கேட்டுத் தெரிந்தவர்கள் நிரப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
கேஸட் காலத்து ரசிகன் ஒருவன்