இரண்டாவது பில் புத்தகம்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
ஜூலை 2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள், டியூஷன் டியூஷன் என்று ஓடுகிறாள்.

கொழும்பில் விசுவாசத்தோடு இருக்க முடிகிறதா என்று கேட்டிருந்தாய். போன வருடம் கேட்டிருந்தால் உடனே ஓம் என்றிருப்பேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் திரும்பத் திறந்த நாளிலிருந்து நான் செவ்வாய்க்கிழமைகளில் போகாமல் விடுவதில்லை. வேலை முடிந்ததும் செட்டியார் தெருவால் நடந்துபோய், மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு. என் விசுவாசத்துக்கு வந்த சோதனை அதோடு முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன்.

மச்சான், சோதனை வந்தது ஒரு பில் புத்தகத்தில்.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது உனக்குத் தெரியும். 2024 ஜனவரியில் வற் (VAT) வரியை 15 வீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஒரு லட்சம் ரூபாய் சரக்குக்கு 18,000 ரூபாய் வரி. வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு நாள் முதலாளி இரண்டாவது புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தார். கடைப் பெயரும் இல்லை, வரி இலக்கமும் இல்லை, வெறும் நம்பர் மட்டும் அடித்த புத்தகம். அதில் எழுதுகிற விற்பனை கணக்கில் ஏறாது. "எல்லாக் கடையிலும் நடக்கிறதுதானே" என்றார்.

மூன்று மாதம் எழுதினேன். உன்னிடம் ஒளிக்கமாட்டேன், என் கையால்தான் எழுதினேன். பின்னேரம் கையைக் கழுவினாலும் விரல் நுனியில் கார்பன் நீலம் போகாது. அந்த விரலால்தான் கோவில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டேன்.

நினைவிருக்கிறதா, 2015 ஜனவரி 14, பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக்கிய நாள்? முந்தின இரவே காலிமுகத்திடலுக்குப் போய் ஒரு சாக்கை விரித்துப் படுத்திருந்தோம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்த காலத்தில், 1687-இல், அவர் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்ததை நீ விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நாங்களும் அவரோடு நின்றிருப்போம் என்று நான் சொன்னேன். பில் புத்தகத்துக்கு முன்னால் அந்தச் சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னை யாரும் சிறையில் போடவில்லை. முதலாளி முகம் கோணக்கூடாது என்று மட்டும்தான் பயந்தேன்.

தவக்காலத்தில், செய்த பாவத்தைக் கோவில் சுவாமியிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். குடும்பம், சம்பளம் என்று நிறையக் காரணம் சொன்னேன். சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்கும் எழுதுவீங்களா?"

அடுத்த நாள் காலை முதலாளியிடம் போய், என்னால் இனி அதை எழுத ஏலாது என்றேன். அவர் ஏசவில்லை. கனநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை என்னை ஸ்டோருக்கு மாற்றினார். இப்போது மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரோடு நின்று மூட்டை எண்ணுகிறேன். ஓவர்டைம் இல்லாததால் மாதக் கடைசி இறுகுகிறது. மனைவி முதலில் அழுதாள். பிறகு, அந்தக் காசில் பிள்ளைக்கு டியூஷன் கட்டவேண்டாம் என்று அவளே சொன்னாள். வேறு கடைகளிலும் வேலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பைபிளில் வருகிற வரிக்காரன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நான் எழுதிய மூன்று மாதத்தை எப்படித் திருப்புவது என்பதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

இப்போது அந்தப் புத்தகத்தை எழுதுவது ஒரு சின்னப் பெடியன். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவன்தான், பாடகர் குழுவில் பாடுகிறவன். நேற்று ஸ்டோருக்கு வந்து, "அண்ணா, நீங்க ஏன் மேலே இருந்து கீழே வந்தீங்க?" என்று கேட்டான். அவனுக்குத் தகப்பன் இல்லை, இரண்டு தங்கச்சிமார். என் வாயில் பதில் வரவில்லை. திங்கட்கிழமை தேத்தண்ணி நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்கு வருகிறோம், இடம் பார்த்து வை. அதற்கு முன்னம், திங்கட்கிழமையை நினைத்து எங்கள் இரண்டு பேருக்காகவும் ஒரு செபமாலை சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்