"இப்ப தண்ணி வேணாம்"னு சொன்ன சிஸ்டர்ஸுக்கு நன்றி

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஐசியூ சிஸ்டர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு இப்ப வீட்ல தானா ரசம் சாதம் சாப்பிடறா. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அழுகைல ஒண்ணும் பேச முடியல, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்க எழுதறேன்.

அவளுக்கு வந்தது கில்லன் பாரே, உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்ப தாக்கி கை கால் தளர்ந்து போற நோய். முதல்ல கால் தொவண்டுச்சு, அப்புறம் கை, கடைசில மூச்சும் விட முடியாம வெண்டிலேட்டர் போட்டாங்க. கிலோவுக்கு 2 கிராம் கணக்குல ஐவிஐஜி (ரத்தக் குழாய் வழியா ஏத்தற எதிர்ப்புப் புரத மருந்து) ஏத்தி, கொஞ்சம் கொஞ்சமா தேறி, தொண்டைல இருந்த டியூப எடுத்தப்ப கண்டம் தாண்டிருச்சுன்னு நெனச்சோம். சத்தமே வராம உதட்ட மட்டும் அசைச்சு அவ முதல்ல கேட்டது தண்ணி.

எங்க அம்மா ஃபிளாஸ்க்கோட நின்னு, "ஒரு வாய் சுடுதண்ணி தானம்மா, புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு"ன்னு கெஞ்சறாங்க. டூட்டி சிஸ்டர் கொஞ்சமும் கோவப்படாம அவங்கள உக்கார வெச்சு, "பாட்டி, இப்போதைக்கு கஞ்சிய விட தண்ணிதான் ஆபத்து, சர்ருனு ஓடிரும், மூச்சுக்குழாய் மூடறதுக்குள்ள நெஞ்சுக்குள்ள போயிரும், இவளுக்கு இருமக்கூட தெம்பில்ல, அதனால போனதே நமக்குத் தெரியாது, அப்புறம் நிமோனியாவா வந்து நிக்கும்"னு சொன்னாங்க. புரையேறினா இருமல் வரும்னுதான் நாங்க நெனச்சிருந்தோம். இருமலே இல்லாமலும் புரையேறும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

வேணாம்னு சொன்னதோட அவங்க விட்டுடல, அதுதான் பெரிசு. சொட்டாத அளவுக்கு நனைச்ச துணிய விரல்ல சுத்தி பல்லு, ஈறு, நாக்கு, கன்னத்து உள்பக்கம்னு தொடச்சு, எச்சில சக்ஷன் மெஷின் வெச்சு உறிஞ்சி எடுத்து, உதட்டுக்கு வாஸ்லின் தடவி, இதையே ராத்திரியும் பகலும் செஞ்சாங்க. வாய் அழுக்கா இருந்தா அந்தக் கிருமி எச்சிலோட நுரையீரலுக்குப் போகுமாம். மூக்கு டியூப்ல பால் விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் டியூப்ல இருக்கற மார்க் நகந்திருக்கான்னு பாத்து, அது வயித்துலதான் இருக்கான்னு சிரிஞ்சால இழுத்தும் பாத்துட்டுத்தான் விடுவாங்க. தலைப்பக்கம் ஏத்தியே இருக்கணும், பால் போன அரை மணி நேரத்துக்கு படுக்க வைக்கக் கூடாது. பக்கத்து பெட்ல இன்னொரு குழந்தை சீரியஸா இருக்கும், அப்பவும் இதுல ஒண்ணு கூட தவறினதில்ல.

அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோட முழுங்கறதையும் பாக்கறவங்க) வந்து பாத்துட்டு வாய் வழியா ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க. நிமுத்தி உக்கார வெச்சு, சின்ன ஸ்பூன்ல பாதிக்கும் கம்மியா கெட்டிக் கஞ்சி. சிஸ்டர் கழுத்துல வெளிப்பக்கமா ரெண்டு விரல வெச்சு, "முழுங்குடா தங்கம், இன்னொரு தடவ முழுங்கு, இப்ப ஆ சொல்லு"ம்பாங்க. குரல் கொழகொழன்னு கேக்குதா, கண்ணு கலங்குதா, மானிட்டர்ல சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) எறங்குதான்னு பாத்துட்டுத்தான் அடுத்த ஸ்பூன். அவளுக்குக் கண்ணு சொருகினா கிண்ணத்துல பாதி இருந்தாலும் உடனே நிறுத்திருவாங்க. முழுசா சாப்பிடலயேன்னு எனக்கு அடிச்சுக்கும், மிச்சத்த டியூப்ல விட்டுக்கலாம்னு அவங்க நிதானமா சொல்வாங்க.

வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கஞ்சி பதம் பாக்க சொல்லிக் குடுத்தாங்க. 10 மில்லி சிரிஞ்சுல ஊத்தி, 10 செகண்ட் ஓட விட்டு, எவ்வளவு மிச்சம்னு பாக்கணும், 4-லருந்து 8 மில்லிக்குள்ள நின்னா அவளுக்குச் சொன்ன ரெண்டாவது லெவல் கெட்டி சரியா இருக்குன்னு அர்த்தம். ரொம்ப நாள் அந்த சிரிஞ்சு எங்க அடுப்பு மேடைலயே இருந்தது.

மருந்து அதோட வேலைய செஞ்சது, ஆனா நிமோனியா வராம என் புள்ளைய வெளில கொண்டுவந்தது உங்க கைதான் சிஸ்டர். பிசியோ பண்ண தம்பிக்கு, பெட்ஷீட் மாத்தறப்ப எல்லாம் அவகிட்ட கதை பேசின ஆயாம்மாவுக்கு, எனக்கும் சேத்து டீ வாங்கிட்டு வந்த பக்கத்து பெட் அக்காவுக்கு, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அடுத்த மாசம் ரிவ்யூக்கு வர்றோம், டூட்டில இருந்தா அவள மேல கூட்டிட்டு வந்து காட்டறேன்.