'நீர் மாத்திரை' இறக்குவது உப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தக்கொதிப்புக்கு எழுதித் தரப்படும் டையூரெட்டிக் மருந்தை நம் ஊரில் 'நீர் மாத்திரை' என்கிறோம். மருந்துக்கடையில் கேட்பதும் அப்படித்தான், மருத்துவமனை வரிசையில் சொல்வதும் அப்படித்தான். உடம்பில் தேங்கிய நீரை இறக்கும் மாத்திரை என்று அந்தப் பெயர் நினைக்க வைக்கிறது. அது இறக்குவது உப்பை. உப்பு போகிற வழியில் நீரும் சேர்ந்து போகிறது. இது புரியாததால் நல்ல மருந்தைப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்து மருத்துவமனையில் சேர்கிற முதியவர்களும் உண்டு.

மருந்தின் மேல் குறை இல்லை. பிரஷர் மருந்துகளை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மாரடைப்பைத் தடுப்பதில், பழைய, மலிவான டையூரெட்டிக்கான குளோர்தாலிடோன், அதைவிடப் புதிய பிரஷர் மருந்துகளான அம்லோடிபினுக்கும் லிசினோபிரிலுக்கும் சளைக்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் இரண்டையும் முந்தியது.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. சிறுநீரகம் வடிகட்டிய உப்பைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கும் வாசல் ஒன்றை அடைக்கின்றன. முதல் சில நாட்கள் சிறுநீர் கூடுதலாகப் போகும். சில வாரங்களில் உடம்பின் நீர் அளவு பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ரத்தக்குழாய்களின் இறுக்கம் தளர்வதால் பிரஷர் மட்டும் இறங்கியே இருக்கும். ஆகவே, "இப்போதெல்லாம் யூரின் அவ்வளவாகப் போவதில்லை, மாத்திரை கேட்கவில்லை" என்று நிறுத்துவது தவறு. அளவைத் தாமாகக் கூட்டுவதும் தவறு. முதல் இரண்டு மருந்துகளும் பெரும்பாலும் 12.5 மில்லிகிராமில் தொடங்கி 25க்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் பிரஷர் இறங்குவது கொஞ்சம், பக்கவிளைவு கூடுவது அதிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல், இதைச் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற ஓர் எழுத்து இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. 'சிஎச்', 'சிடி' என்றிருந்தால் குளோர்தாலிடோனாக இருக்கலாம். அட்டையின் பின்புறம் உட்பொருள் பட்டியலைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கடையில் இருப்பு இல்லை என்று அந்த எழுத்து இல்லாததை வாங்கி வந்தால், ஒரு மருந்து சத்தமில்லாமல் நின்றுபோகும்.

சோடியத்துக்கு வருவோம். இந்த மருந்து உப்பை வெளியேற்றுவதோடு, மிகுதியான தண்ணீரைத் தனியே பிரித்து வெளியேற்றும் சிறுநீரகத்தின் திறனையும் குறைக்கிறது. அதனால் மேலும் மேலும் வெறும் தண்ணீர் குடித்தால், சிலருக்கு ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. மெலிந்த உடல்வாகு கொண்ட வயதான பெண்களுக்கு இது அதிகம். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில். பிரஷர் என்று உப்பை அறவே விலக்கி, உப்பில்லாக் கஞ்சியும் நிறையத் தண்ணீருமாக இருக்கும் பாட்டிமார்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். அசதி, குமட்டல், தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று வரும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், அல்லது வெயில் என்று இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். இயல்பான சோடியம் 135 முதல் 145 வரை. 125க்குக் கீழே போய்க் குழப்பமும் சேர்ந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது. வாயில் உப்பைப் போட்டுச் சரிசெய்கிற விஷயமல்ல.

மாத்திரையைத் தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கிய இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மறுமுறை, அளவை மாற்றும்போதெல்லாம் இன்னொரு முறை சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியத்துக்காக ஆய்வகத்தில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்றும் கேட்டு எழுத வையுங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தத்தில் இது தானாக வராது. பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினால் தசை தளரலாம், இதயத்துடிப்பு தடுமாறலாம். அதற்காக எல்லோரும் தினமும் பொட்டாசியம் நிறைந்த இளநீர் குடிப்பதும் சரியல்ல. பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் டெல்மிசார்டானோ ஸ்பைரோனோலாக்டோனோ சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவருக்கு, பொட்டாசியம் ஏறிப்போகலாம். கடையில் விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பில் இருப்பதும் பொட்டாசியம்தான்.

கால் வீக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்லோடிபின், அதிலும் 10 மில்லிகிராம், சாப்பிடுகிற பலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. நீர் கோத்திருக்கிறது, நீர் மாத்திரை போட்டால் வடியும் என்று லாசிக்ஸ் என்ற இன்னொரு டையூரெட்டிக்கை வாங்கிப் போடுகிறார்கள். அந்த வீக்கம் நுண்குழாய்களிலிருந்து கசிவதால் வருவது. நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. அம்லோடிபின் அளவைக் குறைப்பதோ டெல்மிசார்டானைச் சேர்ப்பதோ அதற்கு வழி. இதயம், சிறுநீரகம் காரணமா என்பதையும் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். லாசிக்ஸின் வேலை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதயச் செயலிழப்புக்கும் முற்றிய சிறுநீரகக் கோளாறுக்கும் உரிய அது, சாதாரண ரத்தக்கொதிப்புக்கு அன்றாட மருந்தல்ல.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுகிறவர்கள், 'எச்' சேர்ந்த பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டால், வலி மாத்திரை, டெல்மிசார்டான், டையூரெட்டிக் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கின்றன. சோடியமும் நீரும் தங்கிப் பிரஷரும் ஏறும். சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஆபத்து இரட்டிப்பு. அப்போது ஓஆர்எஸ் கரைசல் குடித்தபடி, மாத்திரையைச் சில நாள் நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். கீல்வாதம் (கவுட்) உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மருந்தால் அந்த வலிக்குக் காரணமான யூரிக் அமிலம் ஏறும்.

மாத்திரையைக் காலையில் போடுவது நல்லது. இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற கதை நமக்குப் புதிதல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. மாத்திரை வீட்டுக்கே வருவதால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வழக்கம் விட்டுப்போகக் கூடாது. டையூரெட்டிக் புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொருவரின் சிகிச்சை அட்டையிலும் எலக்ட்ரோலைட் பரிசோதனைக்குரிய தேதியை எழுதித் தர வேண்டும். மாத்திரை அட்டையிலேயே 'இதில் உப்பை வெளியேற்றும் மருந்து உள்ளது' என்று தமிழில் அச்சிட வேண்டும். இதைச் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு உங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
மதுரை