உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜனவரியில் எங்கள் வீடு எப்படிப் போனது என்று இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அந்த இரண்டு வாரமும் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாதி அழைப்புகளை நான் எடுக்கவே இல்லை. ஒருவர்கூட அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நன்றி அதற்குத்தான்.

நேற்று வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். ராத்திரி நாலு பேரும் தரையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். தட்டு ஒருவர் வீட்டுடையது, குக்கர் இன்னொருவருடையது, பெருங்காய டப்பா மூன்றாமவருடையது. சின்னவள் ஒவ்வொன்றையும் தொட்டு "இது யார் தந்தது, இது யார் தந்தது" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொருவர் பெயராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். இட்லி மாவை வாளியில் கொண்டுவந்து இறக்கிய அக்கா, இன்சூரன்ஸ் படிவங்களை மூன்று ராத்திரி கண் விழித்து நிரப்பிக் கொடுத்த அண்ணன், தன் காரை ஒரு மாதம் எங்களிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போன தம்பி, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், எங்கள் கறிவேப்பிலைச் செடி போய்விட்டது என்று கேட்டதும் தொட்டியில் கன்று வைத்துக் கொடுத்த மாமி. நீங்கள் செய்ததை என் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

இன்னொருவரைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டதால் நான் கூப்பிடுவது போலவே கானும் என்றே எழுதுகிறேன். பாரசீகத்தில் அது 'அம்மா' என்று மரியாதையாக அழைக்கும் சொல்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு வருடமாக நான் ஈரானிய நாவலாசிரியர் ஷஹர்நூஷ் பார்சிபூரைப் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதக் கூட்டத்தில் அவரைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை வாசிப்பதாக ஏற்பாடு. எட்டு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்புகள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றிலும் ஓரத்தில் பென்சில் எழுத்து. அத்தனையும் வீட்டோடு போய்விட்டன. எல்லோரும் நகை, பாஸ்போர்ட், சர்டிபிகேட் பற்றிக் கேட்டீர்கள். நோட்டுகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வீடே போனபோது நோட்டுக்கு அழுவது தப்பென்று பட்டது.

தற்காலிகமாக இருந்த அந்த அபார்ட்மென்டில் கீழ்த்தளத்தில்தான் துணி துவைக்கும் அறை. ஒரு ஞாயிறு ராத்திரி, நீங்கள் கொடுத்த துணிகளை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாள். எந்த ஊர் என்று அவர் கேட்டார், நானும் கேட்டேன். ஈரான் என்றார். என்னையறியாமல் வாயில் வந்தது: "ஷஹர்நூஷ் பார்சிபூர்."

சோப்புத் தூள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உனக்கு எப்படி அவரைத் தெரியும் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், நோட்டுகளிடம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. பதினோரு நாளில் அதுதான் முதல் அழுகை. அவர் ஒன்றும் பேசாமல் படியேறிப் போய்விட்டார். பழைய ஞாபகம் எதையோ கிளறிவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தார்.

பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகம், நாம் பள்ளிக்கூடத்துப் புத்தகத்துக்குப் போடுவோமே, அதே மாதிரி. வெளியில் பெயர் ஒன்றும் இல்லை. முதுகில் இரண்டு வரிசை டேப். வலப்பக்கத்திலிருந்து திறந்தால் முதல் தாளில் நீல மையில் ஒரு எண். 1368 என்று வாசித்துக் காட்டினார். அவர்கள் கணக்கில் 1368 என்பது நமக்கு 1989. தூபாவும் இரவின் பொருளும் என்ற நாவல், அவர் தெஹ்ரானில் அந்த வருடமே வாங்கியது. அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது பெட்டியில் துண்டுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாராம்.

"எனக்குப் பாரசீகம் வாசிக்கத் தெரியாதே" என்றேன்.

"தெரிய வேண்டாம். வீட்டில் ஒரு புத்தகமாவது இருக்கணும். உன் புத்தகங்கள் வந்து சேரும்வரை இது உன் வீட்டில் இருக்கட்டும்" என்றார்.

எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்தீர்கள், எல்லாம் எங்களுக்குத் தேவையான பொருள்கள். என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியாத இந்தப் புத்தகத்தை அன்று ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன்.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் நான் மேலே போவேன். கண்ணாடி டம்ளரில் பால் விடாத தேநீர் வரும். கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். அவர் ஒரு பத்தி வாசித்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் பொருள் சொல்வார். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏற்கெனவே படித்த கதைதான். ஆனாலும் அந்த ஓசையோடு கேட்பது வேறு மாதிரி இருந்தது. நாவலின் ஆரம்பத்தில் தூபாவின் அப்பா ஹாஜி அதீப், பூமி உருண்டை என்ற விஷயத்தோடு மல்லுக்கட்டுகிறார். பூமி உருண்டை என்றால் பெண்களும் யோசிக்கக்கூடியவர்கள், அப்படியானால் சீக்கிரமே அவர்களுக்கு வெட்கம் விட்டுப்போகும் என்று போகிறது அவர் யோசனை. கானும் அந்த இடத்தில் "ஸமீன்" என்று வாசித்தார். நான் நிறுத்தச் சொன்னேன். ஸமீன் என்றால் என்ன? தரையைத் தட்டிக் காட்டினார், ஜன்னலுக்கு வெளியே கையை வீசிக் காட்டினார். மண், நிலம், பூமி. "எங்களிடமும் இருக்கிறது, ஜமீன்!" என்று கத்திவிட்டேன். நம் ஊரில் அது ஒரு குடும்பத்தின் சொத்தாகச் சுருங்கிப்போன கதையைச் சொன்னேன். அவர்கள் மொழியில் மொத்தப் பூமிக்கும் அந்தச் சொல்தான். நிலத்தையும் வீட்டையும் இழந்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல்லை அன்று வாயிலிருந்து இறக்கவே மனசில்லை.

தூபா என்பது சொர்க்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் மரத்தின் பெயர். அந்தப் பெயர் கொண்ட பெண், அப்பா இறந்த பிறகு, 14 வயதில் 52 வயது உறவினரைத் தானே கட்டிக்கொள்கிறேன் என்று முன்வருகிறாள். மன்னராட்சி மாறுகிறது, நாடு மாறுகிறது, அவள் முற்றத்து மாதுளை மரம் மட்டும் அங்கேயே நிற்கிறது. மரத்தடியில் கொலையுண்ட ஒரு சின்னப் பெண் புதைக்கப்பட்டிருக்கிறாள். காலமெல்லாம் அந்த ரகசியத்துக்குக் காவல் இருக்கிறவள் தூபா. அந்தப் பக்கங்களில் மட்டும் கானும் குரலைத் தாழ்த்தி வாசித்தார், யாரோ பக்கத்து அறையில் தூங்குவது போல.

இதை எழுதியவரின் வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். தொலைந்த நோட்டுகளில் இருந்தது அதுதான். பார்சிபூர் 1946-இல் தெஹ்ரானில் பிறந்தவர். 13 வயதிலேயே எழுத ஆரம்பித்தவர். சமூகவியல் படித்துவிட்டு அரசுத் தொலைக்காட்சியில் கிராமத்துப் பெண்களுக்கான நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டிருந்தார். 1974-இல் ஈரான் மன்னர் ஷாவின் அரசு, தன்னை எதிர்த்த குஸ்ரோ குல்சுர்கி, கராமத் தானேஷியான் என்ற இருவரைச் சுட்டுக் கொன்றது. அதைக் கண்டித்து வேலையை விட்டார், 54 நாள் சிறை. பிறகு பாரிஸில் சீன மொழி படித்தார். 1980-இல் நாடு திரும்பினார், அப்போது புரட்சி முடிந்து ஷாவும் போய்விட்டிருந்தார். மறு வருடமே கைது. அம்மாவின் காரில் அரசியல் பத்திரிகைகள் அகப்பட்டன என்பதுதான் காரணம். முறையான குற்றச்சாட்டே இல்லாமல் 4 ஆண்டு 7 மாதம் உள்ளே இருந்தார். இரவில் கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தைக் கைதிகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடந்ததைச் சிறை நினைவுகளில் எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட மூன்று நாள் ஆனது.

அத்தனைக்கும் பிறகு வெளியே வந்து தூபாவைக் கொடுத்தார். கையோடு ஆண்களற்ற பெண்கள் என்ற நாவலும் வந்தது. ஐந்து பெண்கள், கரஜ் என்ற ஊரில் ஒரு தோட்டம். கன்னித்தன்மை பற்றி அதில் இரண்டு பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். நம் வீட்டு அடுக்களையில் அக்கா தங்கைகள் குசுகுசுவென்று பேசுவதை விட அதிகமாக ஒன்றும் இல்லை. அதற்காக மறுபடி சிறை, இரண்டு முறை. அவர் புத்தகங்களுக்கு நாட்டில் தடை. 1994-இல் அமெரிக்கா வந்தார். அப்போது அவருக்கு 48 வயது.

48 வயதில், தன் நாட்டு வாசகர்களை விட்டு வந்த பிறகும், அவர் தன் மொழியிலேயே தொடர்ந்து எழுதினார். சிறை நினைவுகள் ஸ்வீடனில் அச்சாயின. ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடக்கும் ரேடியோ ஸமானே என்ற பாரசீக வானொலியில் 2006 முதல் பேசினார். கானும் இரவு வேலை முடிந்து வந்து, சமைத்துக்கொண்டே அதைக் கேட்பாராம். ஆண்களற்ற பெண்கள் நாவலை ஷிரின் நெஷாத் படமாக எடுத்து 2009-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கினார். அதில் பார்சிபூரும் ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். அந்தப் படத்தை கானும் இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் அவர் வரும் இடத்துக்காக.

நான் தவித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது அந்த நாவலின் மஹ்தொக்த். அவள் தன்னையே தோட்டத்தில் நட்டுக்கொண்டு மரமாகிவிடுகிறாள். தோட்டக்காரன் பனித்துளியைச் சேர்த்து ஊற்றுகிறான், பிறகு தாய்ப்பால். கடைசியில் மரம் முழுக்க விதைகளாகி, தண்ணீரோடு உலகம் சுற்றப் போய்விடுகிறது. முன்பு படித்தபோது இதை மாய யதார்த்தம் என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தேன். இப்போது படித்தால், பனித்துளியை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவனின் பொறுமைதான் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்படிச் சேர்த்து ஊற்றியவர்கள் யார் யார் என்று இப்போது தெரியும்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதப் போகிறேன். குறிப்பில்லாமல், ஞாபகத்திலிருந்தும் கானும் சொன்னதிலிருந்தும். இது உங்கள் முன்னால் சொல்லும் வாக்கு. இன்னொன்றும் ஆரம்பித்துவிட்டேன். பாரசீகத்தில் 32 எழுத்து, பத்தொன்பது தெரிந்துவிட்டது. தூபா என்ற நாலெழுத்துச் சொல்லை யார் உதவியும் இல்லாமல் வாசித்துவிட்டேன். அடுத்த நவ்ரூஸுக்குள், அதாவது அவர்கள் புத்தாண்டுக்குள், அந்த நாவலின் முதல் பக்கத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லை நெருங்கியவர்களிடம் சொல்வதில்லை. என் அம்மாவுக்கு நாங்கள் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் கானுமிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். அவரே தன் மொழி வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். உதவி செய்தவரிடம் "தஸ்தெதூன் தர்த் நகோனே" என்பார்கள், உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும் என்று பொருள். அதற்குப் பதில், "உன் தலை வலிக்காமல் இருக்கட்டும்."

முந்தாநாள் வீடு மாறுவதற்கு முன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கையில் வாங்கவே இல்லை.

"உன் புத்தகங்கள் வந்துவிட்டனவா?"

"இரண்டு வந்திருக்கின்றன, கானும்."

"இரண்டா? அப்புறம் ஏன் இதைக் கொண்டு வந்தாய்?"

வாசலில் நின்றுகொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். உச்சரிப்பு சரியாக வரவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவரும் பதில் சொன்னார், என் தலையில் கை வைத்து.

புத்தகம் இப்போது புது வீட்டில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அலமாரி இன்னும் வாங்கவில்லை.

உங்கள் எல்லோர் கையும் வலிக்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசிப்பு வட்டத் தோழி